சிறுவர் பாதுகாப்பு விசாரணைப் பணி: மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிள்ளைகள் மீதான துஷ்பிரயோகம், புறக்கணிப்பு தொடர்பான முறைப்பாடுகளை ஆராயும் உத்தியோகத்தர்களிடம் பெற்றோரும் ஆசிரியர்களும் அயலவர்களும், இத்தொழிலுக்கு வர நினைக்கும் பட்டதாரிகளும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதிலளிக்கப்பட்டுள்ளது. எடுத்துக்காட்டாகச் சொல்லப்படுபவை எந்தவொரு குடும்பத்தையும் சுட்டுவன அல்ல. பல வீடுகளில் கண்டவற்றைச் சேர்த்துச் சொல்பவை.

பிரதேச செயலகத்துக்குப் போனால் ஒருவர் இன்னொருவரைக் கைகாட்டுகிறார். உண்மையில் பொறுப்பு யாருடையது?

இந்தக் குழப்பத்துக்குப் பொதுமக்களைக் குறை சொல்ல முடியாது. 1987 ஆம் ஆண்டின் 13 ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தோடு நன்னடத்தையும் சிறுவர் பராமரிப்பும் மாகாண சபைகளின் கைக்குப் போயின. ஆகவே நன்னடத்தை உத்தியோகத்தர் கிழக்கு மாகாணத் திணைக்களத்தின் கீழ் வேலை செய்பவர். பிரதேச செயலகத்தில் இருக்கும் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரோ மத்திய அரசின் திணைக்களத்தைச் சேர்ந்தவர். இவர்களோடு, 1998 ஆம் ஆண்டின் 50 ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபைக்கும் மாவட்ட மட்டத்திலும் பிரதேச மட்டத்திலும் தனியான உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள். பொலிஸ் நிலையத்தில் சிறுவர், பெண்கள் பணியகம் இருக்கிறது. ஊர்ச் சனத்துக்கு இவர்கள் எல்லோரும் ஒரே ‘சிறுவர் மிஸ்’தான்.

வேலைப் பிரிவினையைச் சுருக்கமாகச் சொன்னால், குற்றத்தைப் பொலிஸ் விசாரிக்கும். பிள்ளையை யாருடைய பொறுப்பில் விடுவது என்று நீதிமன்றத்துக்கு அறிக்கை எழுதுபவர் நன்னடத்தை உத்தியோகத்தர். ஊர் மட்டத்தில் குடும்பத்தைக் கண்காணித்து, பிள்ளையைப் பாடசாலையில் சேர்ப்பது முதல் பிறப்புச் சான்றிதழ் எடுத்துக் கொடுப்பது வரை பார்ப்பவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர். முறைப்பாட்டை ஏற்று உரிய இடத்துக்கு அனுப்பி, நடந்ததா எனத் தொடர்ந்து கேட்பது அதிகார சபை. இவர்களில் யாரிடம் சொன்னாலும் அவர் அதை ஏற்றுக்கொள்ள வேண்டும். “அது என் வேலை இல்லை” என்று ஒருவரைத் திருப்பி அனுப்பினால் அவர் இரண்டாவது கதவைத் தட்டமாட்டார் என்பது இத்துறையில் இருப்பவர் எல்லோருக்கும் தெரிந்த விடயம்.

முறைப்பாடு செய்தால் என் பெயர் வெளியே வருமா?

1929 என்ற இலக்கத்துக்கு எந்நேரமும் கட்டணமின்றித் தமிழில் பேசலாம். பெயரைச் சொல்லாமலும் முறையிடலாம். இக்கணமே ஒரு பிள்ளை அடிவாங்கிக் கொண்டிருக்கிறது என்றால் 119 இற்கு எடுத்துப் பொலிஸை அழைப்பதே சரி.

ஆனால் மெய்யாகவே அஞ்ச வேண்டியது அலுவலகத்தில் பெயர் கசிவதைவிட, ஊரில் பெயர் ஊகிக்கப்படுவதைத்தான். ஒரே ஒழுங்கையில் பத்து வீடுகள் இருக்கும் இடத்தில், இரவு அழுகைச் சத்தம் கேட்கக்கூடியவர் வேலிக்கு அப்பால் இருப்பவர் மட்டுமே என்பது அந்த வீட்டாருக்குத் தெரியும். அனுபவமுள்ள உத்தியோகத்தர் இதனால் நேரே ஒரு வீட்டு வாசலில் மட்டும் மோட்டார் சைக்கிளை நிறுத்தமாட்டார். அந்த ஒழுங்கையில் பாடசாலை வரவு குறைந்த பிள்ளைகளின் வீடுகள் எல்லாவற்றுக்கும் போய்வருவார், அல்லது குடும்பநல உத்தியோகத்தரின் (மருத்துவமாதுவின்) வழக்கமான சுற்றோடு சேர்ந்து போவார்.

முறையிடுபவர் சொல்ல வேண்டியவை, கண்டது, கேட்டது, அது எப்போது நடந்தது என்பவை. பிள்ளையின் பெயர் தெரியாவிட்டாலும் கிராம உத்தியோகத்தர் பிரிவு, படிக்கும் பாடசாலை, தரம் தெரிந்தால் கண்டுபிடித்துவிடலாம். காணிப் பிணக்கிலும் கணவன் மனைவி பிரிவிலும் பழிவாங்குவதற்காக வரும் முறைப்பாடுகளும் உண்டு. அவற்றையும் போய்ப் பார்த்த பிறகே பொய் என்று எழுத முடியும்.

முறைப்பாடு கிடைத்ததும் முதலில் என்ன நடக்கும்?

உத்தியோகத்தர் தன்னையே கேட்டுக்கொள்ளும் முதற் கேள்வி, இன்றிரவு இந்தப் பிள்ளை யாரோடு படுக்கப் போகிறது என்பதே. யார் குற்றவாளி என்பது அதற்குப் பிறகு வருவது, அதுவும் பெரும்பாலும் பொலிஸின் வேலை. முறைப்பாட்டில் பெயர் சொல்லப்பட்டவர் அதே வீட்டில் இருக்கிறாரா, பிள்ளை சொன்னது அவருக்குத் தெரிந்துவிட்டதா, பிள்ளை நம்பும் பெரியவர் ஒருவர் அருகில் இருக்கிறாரா, இவை மூன்றுக்கும் பதில் கிடைக்காமல் அன்றைய வேலை முடியாது.

வீட்டுக்குப் போவதற்கு முன்பு, இயன்றால், வகுப்பாசிரியரிடம் வரவுப் பதிவையும், குடும்பநல உத்தியோகத்தரிடம் பிள்ளையின் வளர்ச்சிப் பதிவுப் புத்தகத்தையும் பார்ப்பது நல்லது. அந்தப் புத்தகத்தில் நிறைக்கோடு ஆறு மாதமாகச் சரிந்திருந்தால், திரிபோஷா என்ற சத்துமா ஒழுங்காகக் கொடுக்கப்பட்டும் ஏன் சரிந்தது என்று கேட்கத் தோன்றும். ஒரு வீட்டில் அந்தத் திரிபோஷா முழுக் குடும்பத்துக்கும் காலைச் சாப்பாடாகியிருக்கும். இன்னொரு வீட்டில் அது கடைக்குப் போய்க் கசிப்புக் (கள்ளச்சாராயக்) காசாகியிருக்கும். கோடு இரண்டிலும் ஒன்றுபோலத்தான் சரியும்.

வீட்டுக்குள் போன பின் கண்ணுக்குப் படுவனவற்றைப் பார்க்க வேண்டும்: பிள்ளை எங்கே படுக்கிறது, அந்த அறைக் கதவை உள்ளே இருந்து பூட்ட முடியுமா, மலசலகூடம் எவ்வளவு தூரத்தில், இருட்டில் தனியாகவா போக வேண்டும். நான் மதிக்கும் மூத்த உத்தியோகத்தர் ஒருவர் நாற்காலி போட்டால் உட்காரமாட்டார். குசினிப் பக்கம் போய்த் தாயோடு பாயில் உட்கார்ந்து வெங்காயம் உரிப்பார். சொல்லாமல் இருந்த விடயங்கள் பெரும்பாலும் அங்கேதான் வரும். விறாந்தையில் இருந்து கோவையைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டால், கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் கிடைக்கும்.

தூரமும் காலமும் இங்கே வேலையின் பாகம். மாரியில் கிரான் – புலிபாய்ந்தகல் வீதியை வெள்ளம் மூடினால் படகில்தான் போக வேண்டும். வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையின் உட்கிராமங்களுக்குப் பின்னேரத்தில் போனால் திரும்பி வரும்போது வழியில் யானை நிற்கும். அதனால் அங்குள்ள வீடுகளுக்குக் காலையில் போகிறோம். காலையில் தகப்பன் வயலிலும் பிள்ளை பாடசாலையிலும் இருப்பார்கள். பின்னேரத்தில் அந்த வீடு எப்படி இருக்கும் என்பது எவர் அறிக்கையிலும் வருவதில்லை. அவசர முறைப்பாடு என்றால் பொலிஸ் வாகனத்தைக் கேட்டு வாங்கியாவது அந்நேரம் போகத்தான் வேண்டும்.

வறுமையினால் பிள்ளையைச் சரியாகப் பார்க்க முடியாமல் போவதும் புறக்கணிப்பா?

இத்தொழிலில் எடுக்கும் முடிவுகளில் மிகக் கடினமானது இதுதான் என்று நினைக்கிறேன். தண்டனைச் சட்டக்கோவையின் 308அ பிரிவு 1995 ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சேர்க்கப்பட்டது. 18 வயதுக்குக் கீழ்ப்பட்ட ஒருவரைத் தன் பொறுப்பில் வைத்திருப்பவர் வேண்டுமென்றே தாக்குவதையும் கொடுமைப்படுத்துவதையும் புறக்கணிப்பதையும் கைவிடுவதையும் அது குற்றமாக்குகிறது. அதில் ‘வேண்டுமென்றே’ என்பதுதான் முழுப் பாரமும் தாங்குவது.

வாகரைப் பக்கம் தகரக் கொட்டிலில் இருக்கும் ஒரு தாய், விடியப்புறம் நான்கு மணிக்கு மூன்று பிள்ளைகளையும் தனியே விட்டுவிட்டு வயல் வேலைக்குப் போகிறாள். பத்து வயது மூத்தவள் தம்பிக்குச் சோறு ஊட்டிவிட்டுப் பாடசாலைக்குப் பிந்திப் போகிறாள். சில நாள் போவதே இல்லை. அறிக்கையில் இதைப் ‘பெற்றோர் மேற்பார்வையின்மை’ என்று எழுதிவிட முடியும். ஆனால் அந்தத் தாய் முதல்நாள் இரவே சோறு ஆக்கி, மூடி, நாய் எட்டாமல் உறியில் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். தீப்பெட்டியைக் கையோடு எடுத்துக்கொண்டு போகிறாள். பக்கத்து வீட்டுக் கிழவியிடம் ஒரு கண் வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறாள். அவள் தன்னால் இயன்ற ஒவ்வொரு காவலையும் போட்டுவிட்டுத்தான் போகிறாள். இந்த வீட்டுக்கு வேண்டியது வழக்கு இல்லை. கடைக்குட்டியை முன்பள்ளியில் சேர்ப்பதும், நிவாரணப் பட்டியலில் பெயர் ஏன் விடுபட்டது என்று கேட்பதும், நுண்கடன் தவணைக்காரர் வாரத்தில் எந்த நாள் வருகிறார் என்று அறிந்துகொள்வதும்தான்.

மறுபக்கத்தில், சீமெந்து வீடும் இரண்டு முச்சக்கர வண்டியும் இருக்கும் இடத்தில், முதல் தாரத்துப் பிள்ளை மட்டும் பின்கட்டில் படுக்கும்; அதன் சப்பாத்து மட்டும் கிழிந்திருக்கும்; சாப்பாட்டு நேரத்தில் அது மட்டும் கடைக்கு அனுப்பப்படும். ஒரே வீட்டில் பிள்ளைக்குப் பிள்ளை வேறுபாடு தெரிந்தால் அங்கே காரணம் வறுமை இல்லை என்பது என் எடைபோடும் முறை. வசதி இருக்கிறதா என்று பார்ப்பதைவிட, இருக்கும் வசதியில் இந்தப் பிள்ளையின் பங்கு எவ்வளவு என்று பார்ப்பது பயன் தரும்.

தாய் மத்திய கிழக்குக்குப் போன வீடுகளை ஏன் தனியாகக் கவனிக்கிறீர்கள்?

தாய் போனதே குற்றம் என்ற எண்ணத்தோடு யாரும் போகக் கூடாது. வீட்டுப் பணிப்பெண்ணாகப் போகும் தாய்மாரிடம் குடும்பப் பின்னணி அறிக்கை கேட்கும் முறை 2013 இல் வந்தது. 5 வயதுக்குக் குறைந்த பிள்ளையுள்ள தாய் போக முடியாது என்றிருந்தது. பொருளாதார நெருக்கடி முற்றிய 2022 இல் அந்த வயது 2 ஆகக் குறைக்கப்பட்டது. அறிக்கையில் ‘பிள்ளையைப் பார்ப்பவர்’ என்று ஒரு பெயர் எழுதப்படும். அந்தப் பெயருக்குரியவர் ஒரு வருடத்துக்குப் பின்னும் அந்த வீட்டில்தான் இருக்கிறாரா என்று போய்ப் பார்ப்பது மிக அரிது.

கிழக்கில் நமக்கு ஒரு பெரிய பலம் உண்டு. தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் வீடு பெண்பிள்ளைக்குச் சீதனமாகப் போவதால், தாயும் அவளுடைய சகோதரிகளும் பெரும்பாலும் ஒரே வளவிலோ அடுத்தடுத்த வளவுகளிலோ குடியிருப்பார்கள். தாய் குவைத்துக்கோ சவூதிக்கோ போனால் பிள்ளைக்கு அம்மம்மாவும் சின்னம்மாவும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறார்கள். இப்படிப்பட்ட பராமரிப்பை எந்த நிறுவனத்தாலும் கொடுக்க முடியாது.

ஆனால் அதே வளவுதான் மூடி மறைப்பதிலும் முன்னிற்கிறது. சின்னம்மாவின் கணவன் மீது ஒரு பிள்ளை முறையிட்டால், அந்தப் பிள்ளையைப் பார்க்கும் அம்மம்மா தன் இளைய மகளின் குடும்பம் உடைவதை நினைத்து வாய் மூடிவிடுகிறாள். அவளைக் கல்மனசுக்காரி என்று எழுதிவிட்டு வருவது சுலபம். அவளிடம் தனியாகப் பேசி, அந்த ஆள் மட்டும் வளவை விட்டு வெளியேறினால் மற்றதெல்லாம் இருந்தபடி இருக்கும் என்பதை அவளே உணர்ந்து சொல்லும்வரை போய்வருவதுதான் உத்தியோகத்தரின் வேலை. அவள் சொல்லத் தொடங்கிய பிறகு, பிள்ளைக்கு அவளைவிட நல்ல பாதுகாவலர் கிடைக்கமாட்டார்.

இவ்வீடுகளில் மூத்த பெண்பிள்ளை பத்தாம் தரத்தோடு பாடசாலையை விட்டு நிற்பதையும், தகப்பன் குடிக்கத் தொடங்குவதையும் முதல் அறிகுறிகளாக எடுத்துக்கொள்ளலாம். வெளிநாட்டில் இருந்து தாய் எடுக்கும் தொலைபேசி அழைப்பு யாருடைய கைப்பேசிக்கு வருகிறது, பிள்ளை அதில் தனியாகப் பேச விடப்படுகிறதா என்றும் கேட்டுப் பாருங்கள்.

பிள்ளையிடம் எப்படிப் பேசுகிறீர்கள்?

மிகக் குறைவாகவும், இயன்றவரை ஒரு தடவை மட்டும். அதிபர், வகுப்பாசிரியர், கிராம உத்தியோகத்தர், பொலிஸ், வைத்தியர் என்று ஐந்தாறு பேரிடம் ஒரே கதையைச் சொன்ன பிள்ளை, ஏழாவது தடவை சொல்லும்போது கேட்பவரின் முகத்தைப் பார்த்துப் பதிலை மாற்றத் தொடங்கிவிடும். பின்பு நீதிமன்றத்தில் எதிர்த்தரப்புச் சட்டத்தரணி அந்த வேறுபாடுகளைத்தான் பிடித்துக்கொள்வார். பிள்ளையின் முதல் வாக்குமூலத்தைக் காணொளியாகப் பதிந்து சான்றாக ஏற்பதற்கு 1999 ஆம் ஆண்டின் 32 ஆம் இலக்கச் சாட்சியம் (விசேட ஏற்பாடுகள்) சட்டத்திலேயே வழி செய்யப்பட்டிருக்கிறது. பிள்ளையை மீண்டும் மீண்டும் சொல்ல வைப்பது வழக்கையும் பிள்ளையையும் ஒருசேரக் கெடுக்கும்.

“மாமா உன்னைத் தொட்டவரா?” என்று கேட்கக் கூடாது. “பிறகு என்ன நடந்தது?” என்று கேட்க வேண்டும். மாமா என்று சொன்னால் எந்த மாமா, எந்த வீட்டில் இருப்பவர் என்பதைப் பிள்ளையின் வாயாலேயே தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். தாயின் தம்பியும் மாமா, கடைக்காரரும் மாமா, முச்சக்கர வண்டிக்காரரும் மாமா.

எழுதும்போது பிள்ளையின் சொற்களை அப்படியே எழுத வேண்டும். “மாமா லைட்டை நூத்துப்போட்டு விளையாட்டு எண்டவர், எனக்கு விருப்பமில்ல” என்று பிள்ளை சொன்னால் அதுவே கோவையில் இருக்க வேண்டும். அதைச் ‘சந்தேகநபர் சிறுமியைப் பாலியல் துஷ்பிரயோகத்துக்கு உட்படுத்தியுள்ளார்’ என்று நல்ல தமிழாக்கினால், பிள்ளை சொன்னது மறைந்து உத்தியோகத்தரின் முடிவு மட்டும் மிஞ்சும். அம்பாறை மாவட்டத்தில் இன்னொரு கவனம் தேவை: தமிழ் பேசும் பிள்ளையின் வாக்குமூலம் சிங்களத்தில் எழுதப்பட்டால், பிள்ளை தன் மொழியில் சொன்னதும் கோவையில் இருக்கும்படி கேட்டுப் பெற வேண்டும். அது பிள்ளையின் உரிமை.

வாக்குக் கொடுப்பதிலும் அளவு வேண்டும். “இதை ஒருத்தருக்கும் சொல்லமாட்டேன்” என்று பிள்ளையிடம் சொல்லக் கூடாது, ஏனென்றால் சொல்லித்தான் ஆக வேண்டும். யாரிடம் சொல்லப் போகிறோம், ஏன் என்பதைப் பிள்ளைக்கு விளங்கும்படி முன்பே சொல்லிவிட்டால், பின்னால் பொலிஸ் வந்து நிற்கும்போது பிள்ளை நம்மைக் காட்டிக்கொடுத்தவராகப் பார்க்காது.

வைத்தியப் பரிசோதனைக்குப் பயப்பட வேண்டுமா?

பரிசோதனையைச் செய்பவர் சட்ட வைத்திய அதிகாரி. மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலை போன்ற பெரிய வைத்தியசாலைகளுக்கே பிள்ளைகள் அனுப்பப்படுகிறார்கள். பிள்ளைக்கும் பாதுகாவலருக்கும் விளக்கிச் சொல்லி, சம்மதத்தோடு செய்யப்படுவது. தாயோ பிள்ளை நம்பும் வேறொரு பெண்ணோ கூட நிற்கலாம். பாலியல் வன்முறை என்றால் முதல் 72 மணித்தியாலங்கள் முக்கியமானவை. சான்று சேர்ப்பதற்கு மட்டுமல்லாமல், தொற்றைத் தடுக்கும் மருந்தைத் தொடங்கவும் அந்த நேரத்துக்குள் போக வேண்டும். பிள்ளையைக் குளிப்பாட்டி, உடுப்பைத் துவைத்துப் போட்டு, நல்லபடியாகக் கூட்டிவருவது தாய்மாரின் இயல்பு. அதைச் செய்யாமல் அப்படியே கொண்டுவாருங்கள். குளிப்பாட்டிவிட்டீர்கள் என்றாலும் வராமல் விடாதீர்கள். நாள் கடந்துவிட்டது என்றாலும் வரத்தான் வேண்டும்.

பிள்ளையை எங்களிடமிருந்து பிரித்துச் சிறுவர் இல்லத்தில் போட்டுவிடுவீர்களா?

உத்தியோகத்தர் தன் விருப்பப்படி பிள்ளையைக் கொண்டுபோய்விட முடியாது. பராமரிப்போ பாதுகாப்போ தேவைப்படும் பிள்ளை என்று 1939 ஆம் ஆண்டின் சிறுவர், இளம் ஆட்கள் கட்டளைச் சட்டத்தின் கீழ் நீதவான் முன்னிலையில் முற்படுத்த வேண்டும். தனியான சிறுவர் நீதிமன்றம் இம்மாவட்டங்களில் இல்லாதபடியால், மட்டக்களப்பிலும் களுவாஞ்சிகுடியிலும் வாழைச்சேனையிலும் கல்முனையிலும் அக்கரைப்பற்றிலும் உள்ள நீதவான்களே இவ்விடயத்தைப் பார்க்கிறார்கள். பெற்றோரிடம் பிணை எழுதி வாங்கிக்கொண்டு பிள்ளையை விடலாம். நன்னடத்தை உத்தியோகத்தரின் மேற்பார்வையில் வைக்கலாம். உறவினர் ஒருவரைத் தகுந்த ஆளாக ஏற்று அவர் பொறுப்பில் கொடுக்கலாம். இவை எதுவும் இயலாதபோது சான்றிதழ் பெற்ற இல்லத்துக்கு அனுப்பலாம்.

வரிசை அதுவாகவே இருக்க வேண்டும். ஆனால் 2004 டிசம்பர் 26 சுனாமியும் நீண்ட போரும் இக்கரையோரத்தில் இல்லங்களைப் பெருகச் செய்தன. சுனாமியில் நாட்டிலேயே அதிக உயிர்கள் போனது அம்பாறை மாவட்டத்தில். அன்று தாய் தகப்பன் இருவரையும் இழந்த பிள்ளைக்கு இல்லம் தேவையாக இருந்தது. இன்று இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் பெரும்பாலானோருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருக்கிறார்கள். “அங்கே விட்டால் நல்லாப் படிப்பான்” என்று பெற்றோரே கேட்டு வருகிறார்கள். அவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: பாடசாலைச் செலவுக்கு உதவி கிடைத்தால் பிள்ளையை வீட்டில் வைத்திருப்பீர்களா? ஆம் என்பவரின் விண்ணப்பம் இல்லத்துக்குப் போக வேண்டியது இல்லை. சமூக சேவைகள் பக்கம் போக வேண்டியது.

ஆபத்து வீட்டுக்குள்ளேயே இருந்தால், முறைப்படி வெளியேற வேண்டியவர் தீங்கு செய்தவர். 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் அவரை வீட்டுக்கு வராமல் தடுக்கும் பாதுகாப்புக் கட்டளையை நீதவானிடம் கேட்கலாம். இருந்தும் நடைமுறையில் தூக்கிச் செல்வதற்கு இலேசாக இருப்பது பிள்ளைதான் என்பதால் பிள்ளையே பெயர்க்கப்படுகிறது.

ஊர்ப் பெரியவர்கள் பேசித் தீர்த்துவிட்டார்கள். இன்னும் ஏன் வருகிறீர்கள்?

கோயில் நிருவாகமோ பள்ளிவாசல் நிருவாகமோ மாதர் சங்கமோ ஒரு குடும்பச் சண்டையைத் தீர்த்து வைப்பதில் எவருக்கும் ஆட்சேபம் இருக்க முடியாது. பல இடங்களில் நமக்கு முதல் தகவல் தருபவர்களே அவர்கள்தான். பிள்ளை மீதான பாலியல் குற்றமும் கடும் காயமும் அப்படிப் பேசித் தீர்க்கக் கூடியவை அல்ல. பணம் கைமாறினாலும், தகப்பன் முறைப்பாட்டை ‘வாபஸ்’ வாங்குவதாக எழுதிக் கொடுத்தாலும் குற்றம் குற்றமாகவே இருக்கும். 2023 ஆம் ஆண்டின் 10 ஆம் இலக்கப் பாதிக்கப்பட்டோர், சாட்சிகள் பாதுகாப்புச் சட்டம் சாட்சியை மிரட்டுவதைத் தனிக் குற்றமாக வைத்திருக்கிறது என்பதை நடுவர்களாக வருவோருக்கு நினைவூட்டுவது வழக்கம்; கேட்டதும் பலர் தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிடுவார்கள்.

இவற்றில் கவலைக்குரியது, கெடுத்தவனுக்கே கட்டிக் கொடுத்துவிடும் ‘தீர்வு’. மானம் காப்பாற்றப்பட்டதாகப் பெரியவர்கள் எழுந்து போவார்கள். பிள்ளை அந்த ஆளோடு ஒரே வீட்டில் இருக்கும்.

பதினைந்து வயதுப் பெண் தன் விருப்பத்தில் ஒருவரோடு போயிருந்தால்?

16 வயதுக்குக் குறைந்தவரின் சம்மதத்தைச் சட்டம் சம்மதமாக எடுப்பதில்லை. பொதுச் சட்டத்தின் கீழ் திருமண வயது 1995 இலிருந்து 18. முஸ்லிம்களுக்கு உரிய 1951 ஆம் ஆண்டின் விவாக, விவாகரத்துச் சட்டம் குறைந்த வயதை வரையறுக்காமல் விட்டது. 12 வயதுக்குக் கீழ்ப்பட்ட பெண்பிள்ளைக்கு மட்டும் காதியாரின் (முஸ்லிம் விவாக நீதிபதியின்) அனுமதி வேண்டும் என்றது. அதைத் திருத்துவது பற்றி ஆராய 2009 இல் நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையில் நியமிக்கப்பட்ட குழு 2018 இல் அறிக்கை கொடுத்தது.

இவ்விடயங்கள் பெரும்பாலும் கர்ப்பவதிகள் கிளினிக்கில்தான் வெளிச்சத்துக்கு வருகின்றன. பையனுக்கும் 18 அல்லது 19 வயதே இருக்கும். இரு வீட்டாரும் ஏற்றுக்கொண்டிருப்பார்கள். பொலிஸ் வந்தால் சம்பாதிப்பவன் மறியலுக்குப் போவான் என்று பெண் அழுவாள். சட்டம் தெளிவாக இருக்கிறது, வாழ்க்கை அப்படி இல்லை. இங்கே உத்தியோகத்தர் செய்யக்கூடிய உருப்படியான வேலை, அந்தப் பெண் கிளினிக்கைத் தவறவிடாமல் பார்ப்பதும், பிரசவத்துக்குப் பின் அவளை மீண்டும் பாடசாலைக்கோ தொழிற்பயிற்சிக்கோ கொண்டுவருவதும், அவள் அடிக்கப்படுகிறாளா என்று தனியே கேட்பதும். பொலிஸுக்குப் பயந்து ஒரு தாய் கிளினிக்குக்கு வராமல் விட்டால், குடும்பநல உத்தியோகத்தர் பல வருடம் உழைத்துச் சேர்த்த நம்பிக்கை போய்விடும். எனவே யார் எப்போது பொலிஸுக்கு அறிவிப்பது என்பதைச் சுகாதார வைத்திய அதிகாரியோடு கலந்து முடிவு செய்வது நல்லது.

பாடசாலையில் அடிப்பதைப் பற்றியும் முறையிடலாமா?

முறையிடலாம். கல்வி அமைச்சின் 2005/17 இலக்கச் சுற்றறிக்கையே உடல் ரீதியான தண்டனையைத் தடுத்திருக்கிறது. “நல்லா அடிச்சுப் படிப்பியுங்கோ” என்று பெற்றோரே சொல்லிவிட்டுப் போவது ஆசிரியருக்கு அனுமதி ஆகாது.

பாதிக்கப்பட்ட பிள்ளையின் படத்தை முகநூலில் போட்டு நீதி கேட்கலாமா?

கூடாது. பாலியல் குற்றத்தால் பாதிக்கப்பட்டவரை அடையாளம் காட்டும் எதையும் பிரசுரிப்பது தண்டனைச் சட்டக்கோவையின் 365இ பிரிவின்படி குற்றம். முகத்தை மறைத்துவிட்டு வீட்டையும் தாயையும் காட்டுவதும் அதே விளைவைத் தரும். ஊருக்கு வேலி நிறமே போதும்.

இத்தொழிலுக்கு எப்படி வருவது? பெண்கள் செய்யலாமா?

பெண்கள்தான் பெரும்பாலும் செய்கிறார்கள். நன்னடத்தை உத்தியோகத்தர் பதவிக்குப் பட்டதாரிகள் மாகாணப் பொதுச் சேவை ஆணைக்குழுவின் போட்டிப் பரீட்சை மூலம் எடுக்கப்படுகிறார்கள். வந்தாறுமூலையிலோ (கிழக்குப் பல்கலைக்கழகம்) ஒலுவிலிலோ (தென்கிழக்குப் பல்கலைக்கழகம்) சமூகவியல் படித்தவர்கள் அதிகம். சமூகப்பணியைத் தொழிலாகவே கற்க விரும்புபவர்கள் தேசிய சமூக அபிவிருத்தி நிறுவகத்தின் டிப்ளோமாவையும் பட்டத்தையும் பார்க்கலாம்.

பட்டத்தோடு, மோட்டார் சைக்கிள் ஓட்டவும், ஒரு பக்க அறிக்கையைப் பிழையின்றி எழுதவும், நீதிமன்ற விறாந்தையில் முழுக் காலையும் பொறுமையாக நிற்கவும் தெரிய வேண்டும். சிங்களம் தெரிந்தால் அம்பாறையில் பாதி வேலை முடிந்த மாதிரி. சொந்த ஊரில் நியமனம் கேட்பவர்கள் இரண்டு முறை யோசிக்க வேண்டும்: உறவுக்காரர் வீட்டு முறைப்பாடு வரும் நாள் நிச்சயம் வரும். அப்போது கோவையை வேறொருவரிடம் எழுத்தில் ஒப்படைப்பதே முறை.

மிரட்டல்கள் வருமா? மனச்சுமையை எப்படித் தாங்குவது?

வரும். பெரும்பாலானவை வாய்ச்சொல்லோடு போகும். அரசியல் செல்வாக்குள்ளவரின் வீட்டு விடயம் என்றால் இடமாற்றமாக வரும். தனியாகப் போகாதிருப்பதும், போகும் இடத்தை அலுவலகப் பதிவில் எழுதிவிட்டுப் போவதும் எளிய பாதுகாப்புகள்.

மனச்சுமை பற்றி மேலதிகாரிகள் பேசுவது குறைவு. கேட்ட கதையைச் சொல்லி ஆறுவதற்கு வீட்டில் வழியில்லை, இரகசியம் என்பதால். எங்கள் பக்கம் சில பிரதேசங்களில் மாதம் ஒருமுறை நடக்கும் கலந்தாய்வுக்குப் பின் உத்தியோகத்தர்கள் தமக்குள் அரை மணி நேரம் ஒதுக்கி, மனதை வருத்திய ஒரு விடயத்தை மட்டும் பெயரின்றிப் பேசிக்கொள்கிறார்கள். அதற்குச் சுற்றறிக்கை எதுவும் இல்லை. ஆனாலும் அந்த அரை மணி நேரத்துக்கு யாரும் லீவு போடுவதில்லை.

வழக்கு எவ்வளவு காலம் போகும்? கோவை எப்போது மூடப்படும்?

பாரதூரமான குற்றங்கள் சட்டமா அதிபரின் குற்றப்பத்திரத்தோடு மட்டக்களப்பு அல்லது கல்முனை மேல் நீதிமன்றத்துக்குப் போகும். அதற்குப் பல வருடங்கள் செல்லலாம். ஒன்பது வயதில் பேசிய பிள்ளை சாட்சிக் கூண்டில் ஏறும்போது சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கும். மறக்கப் பழகிய ஒன்றை நினைவுபடுத்தும் அழைப்பாணை பரீட்சை மாதத்தில் வரும். திகதியை மாற்றிக் கேட்கவும், திரைக்குப் பின்னிருந்தோ காணொளி வழியாகவோ சாட்சி சொல்ல அனுமதி கேட்கவும் முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். அதை நினைவில் வைத்திருக்க வேண்டியவர் பிள்ளையின் உத்தியோகத்தர்.

கோவை, தீர்ப்போடு மூடப்படுவதில்லை. பிள்ளை பாதுகாப்பாக இருக்கிறது என்று வீட்டிலும் பாடசாலையிலும் பார்த்துப் பல தடவை உறுதி செய்த பின், அல்லது 18 வயது நிறைந்த பின் மூடப்படும். பெரும்பாலும் இடையில் அறுந்துபோவது குடும்பம் இடம் மாறும்போதுதான். வாழைச்சேனையில் இருந்த தாய் பொத்துவிலில் உள்ள தமக்கை வீட்டுக்குப் பிள்ளைகளோடு போய்விடுகிறாள்; இங்கே ‘இடம் மாறிவிட்டனர்’ என்று எழுதப்படுகிறது; அங்கே இருப்பவருக்கு இப்படி ஒரு பிள்ளை வந்திருப்பதே தெரியாது. தொலைபேசியில் சொல்லிவிட்டது போதாது. கோவையின் பிரதி அடுத்த பிரிவுக்குக் கையோடு போய்ச் சேர வேண்டும். அந்த உத்தியோகத்தர் பிள்ளையை நேரில் பார்த்துப் பெற்றுக்கொண்டதாகக் கையொப்பமிட்டு அனுப்பும்வரை பழையவரே பொறுப்பாக இருக்க வேண்டும்.